முந்திரி: சொல்லும் மரமும்

முதுகலை வகுப்பில் நாலடியார் பயிற்றுங்கால், மாணவர் ஒருவர், “முந்திரி என்னுஞ் சொல் இந்நூலிலேயே ஆளப்பெற்றிருத்தலின், அம்மரம் தமிழகத்தில் தொன்றுதொட்டு வளர்ந்ததன்றோ?” என வினவினார். ஆண்டு முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் அளவுப்பெயர், கொட்டையன்று. எனினும் அவ்வினாவை எளிதாக ஒதுக்குதல் தகாது. சொல் பழையதாயின் இன்று அது சுட்டும் பொருளும் பழையதே என்னும் மயக்கம் கற்றாரிடத்தும் உண்டு. மரஞ்செடிகளின் பெயர்கொண்டு நூல்களின் காலத்தை வரையறுக்க முனைவாரை இம்மயக்கம் பெரிதும் வழுக்கிவிடும்.

முந்திரிமரத்தின் தாயகம் பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி. அந்நிலத்துத் துப்பி மொழியில் ‘அகாஜு’ என வழங்கியதைப் போர்ச்சுகீசியர் ‘காஜு’ என்றனர். கப்ரால் என்னும் போர்ச்சுகீசியக் கடலோடி 1500-இல் பிரேசிற் கரையை அடைந்து, அதே பயணத்திற் கோழிக்கோட்டிற்கும் கொச்சிக்கும் வந்தான். அவ்வாண்டிற்கு முன்னர் அக்கொட்டை ஈண்டு வந்திருத்தற்கு வழியில்லை. 1578-இல் வெளிவந்த அக்கோஸ்டாவின் மருந்துநூல் கொச்சித் தோட்டங்களில் அம்மரம் நின்றதைக் குறிக்கின்றது. ஆகலின், அதன் வருகை இவ்விரு யாண்டுகட்கும் இடைப்பட்டதாதல் தெளிவு.

மலையாள மக்கள் புதிய மரத்திற்குப் ‘பறங்கிமாவு’ எனப் பெயரிட்டனர். கொணர்ந்தவர் இன்னார் என்பதோடு, இனம் இன்னது என்பதும் அப்பெயரில் அமைந்துவிட்டது. தாவரநூலாரும் மா, முந்திரி, சேங்கொட்டை ஆகிய மூன்றனையும் ஒரு குடும்பத்துள்ளேயே அடக்குவர். முந்திரியின் ஓட்டெண்ணெயும் சேங்கொட்டையின் நெய்யும் ஒருபடித்தாகத் தோலைச் சுட்டுப் புண்ணாக்குதலை அறிந்தார்க்கு இவ்வுறவு வியப்பளியாது.

தமிழர் செய்தது வேறு. முன்னரே வழக்கிலிருந்த ஒரு பெயரைப் புதிய மரத்திற்கு ஏற்றினர். முந்திரிகை என்பது திராட்சையின் பெயர். வடமொழி ‘மிருத்வீகா’ என்பதன் திரிபென அறிஞர் கருதுவர். மலையாளத்தில் முந்திரி இன்றும் திராட்சையே. ஈழத்தமிழரோ திராட்சையை முந்திரிகை என்றும், கொட்டை தருவதை மரமுந்திரிகை என்றும் பிரித்து வழங்குவர். தமிழகத்தில் இது தலைகீழாயிற்று: வந்த மரம் அடையின்றி முந்திரியாக, பழைய உரிமையுடைய திராட்சை ‘கொடிமுந்திரி’ என அடைபெற்று நின்றது. பாயசத்திற்கு “முந்திரி திராட்சை” கேட்போர், சொல்வரலாற்றின்படி ஒரு பழத்தையே இருமுறை கேட்கின்றனர்.

கொட்டை பழத்தின் முன்னே துருத்தி நிற்றலால் ‘முந்துதிரி’ எனப் பெயர் வந்ததென்று கூறுவாரும் உளர். கேட்க இனிதாயினும் இஃது ஒவ்வாது. துருத்திநிற்கும் கொட்டை ஏதுமில்லாத திராட்சைக்கன்றோ அப்பெயர் முன்னர் உரியதாயிருந்தது! எனவே 1500-க்கு முற்பட்ட நூல்களில் முந்திரிகை பழமாக வருமிடமெல்லாம் திராட்சையென்றே பொருள்கொள்ளல் வேண்டும். குமரி மாவட்டத்தார் புதிய மரத்தைக் கொல்லாமரம் என்றும் அதன் விதையைக் கொல்லாங்கொட்டை என்றும் வழங்குதலின், அவர்தம் வழக்கில் இம்மயக்கத்திற்கு இடமே இல்லை.