மொடெமின் வேகமும் தொலைபேசிக் கம்பியும்
யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

தொடர்பாடற் சாதனங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வேகத்தையே அளவுகோலாகக் கொள்வர். கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே இணைத்த மொடெம் என்னும் கருவியின் வரலாறும் இவ்வாறே 300, 1200, 2400, 9600 என ஏறிச்செல்லும் எண்களின் வரிசையாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. இவ்வரிசை பொய்யன்று, ஆயின் அது முழு உண்மையுமன்று. எந்த மொடெமைத் தேர்ந்தெடுப்பது என்னும் வினா எழுமுன்னரே வேறு மூன்று வினாக்கள் விடைபெற்றிருத்தல் வேண்டும். கம்பி உண்டா? அக்கம்பி எத்தகையது? அதிற் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் செலுத்துபவர் யார்? இம்மூன்று வினாக்களையும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவத்தோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்ட சாதனமாகும். ஏறத்தாழ 300 ஹேட்ஸ் முதல் 3400 ஹேட்ஸ் வரையான அதிர்வுகளை மட்டுமே அது கடத்தும். கணினியின் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் இவ்வெல்லைக்குள் அடங்கும் ஒலிகளாக மாற்றி அனுப்புவதும், மறுமுனையில் அவ்வொலிகளை மீண்டும் எண்களாக்குவதுமே மொடெமின் தொழில். 1962இல் அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் வெளியிட்ட ‘பெல் 103’ என்னும் மொடெம் வினாடிக்கு 300 பிற்றுக்களைக் கடத்தியது. ஓர் எழுத்துக்குரிய 8 பிற்றுக்களோடு தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்ந்து 10 ஆகுமாதலால், வினாடிக்கு 30 எழுத்துக்களே சென்றன. 2000 எழுத்துக்கள் கொண்ட ஒரு பக்கம் சென்றுசேர ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. 2400 பிற்று மொடெமில் அதே பக்கம் ஏறத்தாழ 8 வினாடிகளிலும், 28,800 பிற்று மொடெமில் ஒரு வினாடிக்குள்ளும் சென்றுவிடும்.

இவ்வளர்ச்சி ஆய்வுகூடத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியிற் பிறர் செய்த கருவியைப் பொருத்தும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1968ஆம் ஆண்டின் ‘காட்டர்ஃபோன்’ தீர்ப்பே அத்தடையைத் தகர்த்தது. 1981இல் வெளிவந்த ஹேய்ஸ் நிறுவனத்தின் மொடெம், கணினி தானே இலக்கத்தைச் சுழற்றி அழைப்பதை எளிதாக்கியது. அதன் பின்னர் சர்வதேசத் தந்தி, தொலைபேசி ஆலோசனைக் குழு வகுத்த நியமங்கள் 1984இல் 2400, 9600 என்னும் வேகங்களையும், 1991இல் 14,400 என்னும் வேகத்தையும் பொதுமையாக்கின. 1994இல் 28,800 பிற்று மொடெமுக்கான நியமம் வந்தது. ஈண்டு மனங்கொள்ளத்தக்கது யாதெனில், 1984க்கும் 1994க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளே இவ்வேக வளர்ச்சியின் உச்சக்கட்டம் என்பதாகும். அப்பத்தாண்டுகள் ஈழத்தமிழர் வரலாற்றில் எத்தகையவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, கம்பியின் தரம் பற்றிய வினாவை நோக்குவோம். 1948இல் குளோட் ஷனன் என்னும் அறிஞர் ஒரு தொடர்புவழியின் கொள்ளளவுக்கு எல்லையுண்டு என்று கணித்துக் காட்டினார். அவ்வெல்லை அதிர்வுப் பரப்பாலும், இரைச்சலை விடக் குறி எத்தனை மடங்கு வலியது என்பதாலும் தீர்மானிக்கப்படுகின்றது. 3100 ஹேட்ஸ் அகலமுள்ள தொலைபேசி வழியில், குறியின் வலு இரைச்சலின் 1000 மடங்காக இருப்பின் வினாடிக்கு ஏறத்தாழ 31,000 பிற்றுக்கள் செல்லலாம். அது 100 மடங்காகக் குறையின் எல்லை 20,600 அளவுக்கு இறங்கிவிடும். மழையில் நனைந்த இணைப்புக்களும் பழைய பரிமாற்று நிலையங்களும் உள்ள ஊரில் 28,800 பிற்று மொடெமை வாங்கியவர், அதன் விலை முழுவதையும் கொடுத்து வேகத்திற் பாதியைப் பெறுவதும் உண்டு. விற்பனைப் பெட்டியின் மீது அச்சிட்ட எண் ஒரு வாக்குறுதியே. அதனை நிறைவேற்றுவது கம்பியாகும்.

இதனை உணர்ந்து செய்யப்பட்ட கருவிகளும் இருந்தன. 1985இல் ரெலிபிற் நிறுவனம் வெளியிட்ட ‘ரெயில்பிளேசர்’ மொடெம் தொலைபேசி வழியை நூற்றுக்கணக்கான நுண்ணிய பகுதிகளாகப் பிரித்து, இரைச்சல் மிக்க பகுதிகளை விலக்கி, எஞ்சியவற்றின் வழியே தரவுகளை அனுப்பியது. கம்பி கெட்டால் வேகத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டு தொடர்பைக் காத்தது. விலை மிகுந்த இக்கருவியை நெடுந்தூர அழைப்புக்களிற் பங்குகொண்ட நிலையங்கள் விரும்பிப் பெற்றமைக்கு இதுவே காரணம்.

மூன்றாவது வினா செலவு பற்றியது. தொடக்ககாலக் கணினி வலையமைப்புக்கள் பல, ‘சேமித்து அனுப்பும்’ முறையையே கைக்கொண்டன. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் உருவாக்கிய யு.யு.சி.பி. என்னும் நிரலும், 1984இல் ரொம் ஜெனிங்ஸ் தொடக்கிய ஃபிடோநெற் வலையமைப்பும் இம்முறைக்கு எடுத்துக்காட்டுக்களாகும். பகல் முழுவதும் சேர்ந்த மடல்களைக் கணினி கட்டிவைக்கும். கட்டணம் குறைந்த இரவு வேளையில் மறுநிலையத்தை அழைத்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். தபாற் பையின் ஒழுங்கே இது. இவ்வொழுங்கில் வேகம் என்பது நேரத்தின் பெயரன்று, பணத்தின் பெயராகும். ஒரு இலட்சம் எழுத்துக்கள் கொண்ட மடற்கட்டு 1200 பிற்று மொடெமில் ஏறத்தாழ 14 நிமிடங்கள் எடுக்கும். 9600 பிற்று மொடெமில் இரண்டு நிமிடங்களுக்குள் முடியும். உள்ளூர் அழைப்பை மலிவாகப் பெற்ற செல்வந்த நாட்டவருக்கு வேகமான மொடெம் ஒரு வசதி. கடல்கடந்து அழைக்க வேண்டியிருந்த வறிய நாட்டு நிறுவனத்துக்கோ அது சிக்கனம். எனவே விலையுயர்ந்த கருவி அதனை வாங்க இயலாதவனுக்கே அதிகம் தேவைப்பட்டது என்னும் முரண்பாடு இங்கே வெளிப்படுகின்றது.

இலங்கையில் இதன் இரு முனைகளையும் காணலாம். கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளாக், ‘2010’ என்னும் திரைப்படம் தொடர்பாக லொஸ் ஏஞ்சலிஸிலிருந்த நெறியாளர் பீற்றர் ஹயாம்ஸுடன் 1983ஆம் ஆண்டிலேயே கேப்றோ கணினியும் மொடெமும் கொண்டு மடல் பரிமாறினார். அம்மடல்கள் பின்னர் நூலாகவும் வெளிவந்தன. திரைப்படத் தொழிலின் பணம் பின்னிற்கக் கொழும்பிலிருந்து கடல்கடந்து அழைக்க முடிந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அவ்வசதி கிட்டுவதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று அமைத்த மின்னஞ்சல் வலையமைப்பு, தொலைபேசி அழைப்பு வழியாகவே இயங்கியது. நாட்டின் கல்வி வலையமைப்புக்கு அதுவே வித்தாயிற்று.

மொறட்டுவையில் மடல்கள் செல்லத் தொடங்கிய அதே 1990ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணம் தன் கம்பியை இழந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மின்வழங்கலும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. போத்தல் விளக்கின் ஒளியில் மாணவர் பரீட்சைக்குப் படித்த காலம் அது. கிளாலி நீரேரியைப் படகிற் கடந்தவர்களின் பைகளிலே கடிதங்கள் பயணஞ்செய்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க விரும்பிய பெற்றோர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருந்தது. உலகம் 2400 பிற்றிலிருந்து 28,800 பிற்றுக்கு ஏறிய ஆண்டுகளில் குடாநாட்டின் வேகம் பூச்சியமாக இருந்தது.

இதனைக் கல்விக் குறைவென்றோ ஆர்வக் குறைவென்றோ கொள்ளுதல் தவறாகும். 1841இலேயே ‘உதயதாரகை’ பத்திரிகையைக் கண்ட மண் இது. 1974இற் பல்கலைக்கழக வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்துறை 1991இல் நிறுவப்பட்டது. அதாவது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத ஊரிலே கணினியைக் கற்பிக்க ஒரு துறை எழுந்தது. அறிவும் ஆசிரியரும் மாணவரும் இருந்தனர். மொடெமைப் பொருத்துவதற்குச் சுவரிலே கம்பி இருக்கவில்லை.

இதே மண்ணின் மக்கள் பலர் 1983க்குப் பின்னர் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச் முதலிய நகரங்களிற் குடியேறியிருந்தனர். அந்நகரங்களிற் கம்பி நன்றாக இருந்தது. 1990களில் உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள் வலையமைப்பிலே தமிழை ஏற்ற முனைந்தனர். ஆங்கில எழுத்துக்களையே கடத்தப் பழகிய அன்றைய மடல்வழிகளிலே தமிழை உரோம எழுத்தில் எழுதியே பலர் உரையாடினர். பின்னர் சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ஆக்கிய ‘மயிலை’ எழுத்துரு இலவசமாகப் பரவியது. 50,000 எழுத்தளவு கொண்ட ஒரு கோப்பைப் பெற 2400 பிற்று மொடெமுக்கு மூன்றரை நிமிடம் வேண்டும். 14,400 பிற்று மொடெமுக்கு 35 வினாடி போதும். தொண்டர்கள் தட்டெழுதிய இலக்கிய நூல்களை வலையேற்றும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது. வேகமான மொடெம்கள் தமிழுக்குச் செய்த பணி இதுவாகும். அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆயினும், வலையமைப்பிலே தமிழின் வரலாற்றை இங்கிருந்து மட்டும் எழுதத் தொடங்கின் ஒரு பிழை நேரும். ஈழத்தைப் பற்றி அந்நாளிற் கணினித் திரைகளிலே மிகுதியாகப் பேசப்பட்டது. ஈழத்தின் வடமுனையிலிருந்தவர் அப்பேச்சிற் கலந்துகொள்ள வழியிருக்கவில்லை. பேசப்பட்டவர் வேறு, பேசியவர் வேறு. அக்காலத்து மின்மடல்களைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவன் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. சான்றில் ஒலிக்காத குரல் இல்லாத குரலன்று. அக்குரலைக் காண வேண்டுமாயின், கொப்பித்தாளில் அச்சான அக்காலப் பத்திரிகைகளையும், கைமாறி வந்த கடிதங்களையும், முதியோரின் நினைவுகளையும் நாடவேண்டும்.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து ஏ-9 வீதி திறந்தபின், குடாநாட்டிற் கையடக்கத் தொலைபேசியும் கணினி நிலையங்களும் பரவலாயின. அதற்குள் செல்வந்த நாடுகள் அழைப்புமுறை மொடெமைக் கைவிட்டு அகலப்பட்டை இணைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. 300 முதல் 28,800 வரையான ஏணியின் படிகளிற் பெரும்பாலானவற்றைக் குடாநாடு மிதிக்கவேயில்லை. அவ்வேணி சாத்தப்படுவதற்குச் சுவரே இருக்கவில்லை என்பதே உண்மை.

எனவே, விரைவான மொடெமைத் தேர்ந்தெடுத்தல் என்பது வெறும் கருவித் தேர்வன்று. கம்பியும் அமைதியும் கட்டணஞ் செலுத்தும் வலுவும் உடைய ஒரு சமூகத்துக்கே உரிய தேர்வாகும். தொழினுட்ப வரலாற்றை வேகத்தின் எண்களால் மட்டும் எழுதுவோர், அவ்வெண்களுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களைப் பின்தங்கியோர் என்று எளிதிற் கூறிவிடுவர். பின்தங்குதல் வேறு, துண்டிக்கப்படுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதப்போகும் எம் தலைமுறையின் கடமையாகும்.