ஊசியும் காவலும்: சிட்னி நகரத் திருச்சபை வரலாற்றில் ஓர் ஏடு

யோர்தான் கரையிலே யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து, தாங்கள் செய்யவேண்டியது யாதென வினவியதை லூக்கா எழுதிவைத்திருக்கிறார். சேவகத்தை விட்டுவிடுமாறு யோவான் அவர்களுக்குச் சொல்லவில்லை. எவரையும் மிரட்டிப் பணம் பறிக்கலாகாது, சம்பளமே போதுமென்றிருக்கவேண்டும் என்றே கற்பித்தார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படிதலைப் பற்றி ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்து அடிக்கடி பிரசங்கிக்கும் நாம், பட்டயம் ஏந்தினவனையும் கேள்வி கேட்கும் இப்பகுதியை அவ்வளவாக எடுத்தாளுவதில்லை.

போதை ஊசிப் பழக்கமுள்ளோருக்குத் தூய ஊசி வழங்கும் திட்டத்தின் வரலாற்றை ஆராயுங்கால், இப்பகுதியே நம் நினைவுக்கு வருகிறது. ஊசித் திட்டம் மருத்துவத் துறையைச் சேர்ந்தது என்றும், காவல் துறையைக் கண்காணித்தல் அரசியலைச் சேர்ந்தது என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இவ்விரண்டும் ஒரே வட்டாரத்தில், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒன்றோடொன்று பிணைந்து நடந்தேறின. ஒரு சிற்றாலயமும் அதில் பங்குகொண்டது.

1. எடின்பரோ தந்த எச்சரிக்கை

முதலில் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவை நோக்குவோம். ஜான் நாக்ஸின் நகரமென நாம் அறிந்த ஊர்தான் அது. 1980களின் தொடக்கத்தில் அங்கு ஹெராயின் பழக்கம் பரவிற்று. காவலர் ஊசிக்குழல்களைக் குற்றத்தின் சான்றாகக் கருதிப் பறிமுதல் செய்தனர்; அவற்றை விற்றுவந்த கடையும் விற்பனையை நிறுத்திற்று. இதனால் பழக்கம் குறையவில்லை, ஊசிதான் அரிதாயிற்று. ஓர் ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அந்நகரின் ஒரு பொது மருத்துவகத்துக்கு வந்த ஹெராயின் பழக்கமுள்ளோரின் இரத்தச் சோதனை முடிவுகள் 1986இல் வெளியாயின. அவர்களுள் நூற்றுக்கு 51 பேரை எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. சட்டத்தைக் காத்தவர்கள் கடமையில் தவறியதாக அக்காலத்தில் எவரும் கருதவில்லை. அவர்கள் செயலின் விளைவை ஆராய்ந்து கேள்வி கேட்போர் இல்லாமற்போனதே அங்கு நேர்ந்த குறை.

2. டார்லிங்ஹர்ஸ்டில் தொடங்கிய பணி

தூய ஊசி வழங்கும் முயற்சி 1984இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. மஞ்சள் காமாலைக் கிருமி பரவுவதைத் தடுக்குமாறு, பழக்கத்துக்கு உட்பட்டோரே தங்கள் சங்கத்தின் வழியாக அதனை முன்னின்று நடத்தினர். 1986ஆம் ஆண்டின் இறுதியில் சிட்னியின் டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில் மருத்துவர் அலெக்ஸ் வோடக்கும் அவருடைய உடனூழியரும், சட்டம் தடுத்திருந்தும், ஊசி மாற்றும் பணியைத் தொடங்கினர். பழைய ஊசிக்குழலைக் கொடுத்தவர் புதியதைப் பெற்றார். திரும்பி வந்தவற்றைச் சோதித்தபோது சிலவற்றில் எச்.ஐ.வி.யின் அடையாளம் காணப்பட்டது. ஆபத்து வாசலில் நிற்பதை அரசினர் உணர்ந்தனர். 1987இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு இப்பணியைச் சட்டத்துக்கு உட்படுத்தியது. அதன்பின் ஆஸ்திரேலியாவில் ஊசிப் பழக்கமுள்ளோரிடையே எச்.ஐ.வி. தொற்று நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவிலேயே நின்றுவந்திருக்கிறது.

ஆயினும் ஒரு முரண்பாடு நீடித்தது. ஊசி பெறுதல் குற்றமன்று. அதனால் போதை மருந்தை ஏற்றிக்கொள்வதோ குற்றம். ஆதலின் ஊசி வழங்கும் இடத்தின் வாசலில் ஒரு காவலர் நின்றாலே போதும், உள்ளே வருபவர் திரும்பிவிடுவர். இத்தகைய இடங்களின் அருகே தக்க காரணமின்றி ரோந்து சுற்றலாகாதென்று காவலருக்கு வழிகாட்டுதல் வகுக்கப்பட்டது. எனினும், ஏட்டில் எழுதிய கட்டளையைத் தெருவில் நிறைவேற்றுபவர் தெருக் காவலரே. அவரை மேற்பார்ப்பவர் யார்?

3. காவலரைக் கண்காணித்தல்

டார்லிங்ஹர்ஸ்டை அடுத்துள்ள கிங்ஸ் கிராஸ், மதுவிடுதிகளுக்கும் விபசாரத்துக்கும் போதை வாணிகத்துக்கும் பேர்பெற்ற பகுதியாயிருந்தது. அங்குள்ள காவலரிற் சிலர் கையூட்டுப் பெறுவதைப் பற்றிப் பல்லாண்டுகள் பேச்சு இருந்துவந்தது. காவலர்மேல் வரும் முறையீடுகளைக் காவலரே விசாரித்தால் நீதி கிடைக்காதென்று, 1978ஆம் ஆண்டுச் சட்டம் முறைமன்ற நடுவருக்கு அதில் ஓரளவு அதிகாரம் அளித்திருந்தது. அது போதவில்லை.

1994இல் ஜான் ஹாட்டன் என்னும் சுயேச்சை உறுப்பினர் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், ஆளுங்கட்சியின் எதிர்ப்பையும் மீறி நிறைவேறிற்று. நீதியரசர் ஜேம்ஸ் வுட் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. ஊழலில் தாமே பங்குகொண்டிருந்த ஒரு துப்பறியும் அதிகாரி ஆணையத்துக்கு உதவ இசைந்தார். அவருடைய காரில் மறைத்துவைத்த படக்கருவி, பணம் கைமாறுவதைப் பதிவுசெய்தது. யோவான் ஸ்நானகன் கடிந்துகொண்ட குற்றம் நாடறிய வெளிப்பட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால், காவல் துறையைச் சாராத நேர்மை ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. 2017இல் வேறோர் ஆணையம் அதன் இடத்தைப் பெற்றது.

1997இல் வெளிவந்த வுட் ஆணையத்தின் இறுதி அறிக்கை ஊழலோடு நின்றுவிடவில்லை. ஊசி போட்டுக்கொள்வதற்கென்று கள்ளத்தனமாக அறைகளை வாடகைக்கு விட்டவர்கள் காவலருக்குப் பணம் கொடுத்துவந்ததை அது கண்டது. பொதுப்பணத்தில் ஊசியை வழங்கிவிட்டு, அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த இடந்தர மறுப்பது குறுகிய நோக்கென்றும் சுட்டிக்காட்டிற்று. காவலரைக் கண்காணிக்கப் புறப்பட்ட விசாரணை, இவ்வாறு நோயாளியைக் காக்கும் ஆலோசனையில் வந்து முடிந்தது நம் கவனத்துக்குரியது.

4. சிற்றாலயத்தின் கதவு

கிங்ஸ் கிராஸில் 1964இல் மெதடிஸ்டுப் போதகர் டெட் நோஃப்ஸ் தொடங்கிய வேசைடு சிற்றாலயம், 1977இல் உருவான ஆஸ்திரேலிய ஐக்கியத் திருச்சபையைச் சேர்ந்ததாயிற்று. மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்த அத்திருச்சபை, 1947இல் பிறந்த நம் தென்னிந்தியத் திருச்சபையைப் போன்றதே.

ஆணையத்தின் ஆலோசனையை ஆராய்ந்த சட்டமன்றக் குழுவின் பெரும்பான்மையோர் அதனை ஏற்கவில்லை. இந்நிலையில், 1999ஆம் ஆண்டு மே மாதம் போதைப் பிரச்சினை குறித்து அரசு மாநாடு கூட்டுவதற்குச் சற்று முன்னர், அருள்திரு ரே ரிச்மண்டும் அவருடன் நின்றோரும் ஆலயத்திலேயே ஓர் அறையைத் திறந்து அதற்குச் ‘சகிப்பறை’ எனப் பெயரிட்டனர். தெருவோரத்திலும் கழிப்பிடத்திலும் அளவு மீறிய போதையால் மடிந்தவர்களுக்கு, உதவி கிட்டும் இடமாக அது அமைந்தது. காவலர் உட்புகுந்தனர். போதகர்மேல் வழக்குத் தொடரப்பட்டது, பின்னர் கைவிடப்பட்டது.

மாநாடு, மருத்துவக் கண்காணிப்புள்ள நிலையம் ஒன்றைச் சோதனையாக நடத்தப் பரிந்துரைத்தது. அப்பொறுப்பை ஏற்க முன்வந்த கத்தோலிக்க அறச் சகோதரிகள் ரோமாபுரியின் அறிவுறுத்தலால் விலக, ஐக்கியத் திருச்சபை அதனை ஏற்றது. 2001 மே மாதம் நிலையம் திறக்கப்பட்டது. 2010இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. அளவு மீறிய போதையால் மயங்கி வீழ்ந்தோர் அங்குப் பல்லாயிரவர். ஆயினும் அதனால் அங்கு மரித்தவர் ஒருவருமில்லை.

5. நாம் கற்பது

ஊசியைக் கொடுப்பது பாவத்துக்கு உடன்படுவதாகாதா என்று மாணாக்கர் நம்மிடம் கேட்பதுண்டு. தள்ளத்தக்க வினா அன்று இது. அத்திருச்சபையிலும் மனச்சாட்சியுள்ளோர் பலர் இதைக் கேட்டனர். பழைய ஏற்பாட்டு அடைக்கலப் பட்டணங்களை நாம் நினைவுகூர்வோம். அறியாமல் கொலைசெய்தவன் ஓடிவந்தால், அவன் செய்தது நன்றென்று பட்டணம் சொல்வதில்லை. நியாயம் விசாரிக்கப்படுமளவும் அவன் உயிரோடிருக்க இடந்தருகிறது. அதற்கு மூன்று காரியங்கள் தேவையாயின. பட்டணம் வேண்டும், அதற்குச் செல்லும் வழி செம்மையாயிருக்கவேண்டும், பழிவாங்குபவன் உள்ளே வராதபடி மூப்பர் வாசலில் நிற்கவேண்டும்.

தூய ஊசி வழங்கும் அறை அத்தகைய பட்டணம். அதற்குச் செல்பவனை வழியில் அச்சுறுத்தும் கையும், அவனிடம் பணம் பறிக்கும் கையும் தடுக்கப்படாவிடில் அவ்வறை வெறுமையாய்க் கிடக்கும். சிட்னியின் வரலாறு இதனைத் தெளிவாக்குகிறது. இரக்கப் பணி செய்ய நம் சபைகள் எப்போதும் ஆயத்தமாயிருக்கின்றன. மருத்துவமனைகளும் விடுதிகளும் அதற்குச் சான்று. வாசலில் நிற்கும் மூப்பரின் பணியை, அஃதாவது அதிகாரத்தில் உள்ளோரை மரியாதையோடும் அச்சமின்றியும் கேள்வி கேட்கும் பணியை, நாம் பிறருக்கு விட்டுவிடுகிறோம். நாளை ஓர் இளைஞன் தழும்பேறிய கையோடு நம் குருமனையின் கதவைத் தட்டுவானாயின், அவனை உள்ளே அழைப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவன் நம்மிடம் வந்த தெருவையும் நாம் சென்று பார்க்கவேண்டும்.