தாடி ஓணானும் தீராத வைரஸும்

வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதை என்று நம் ஊரில் சொல்வார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிஜமாகவே ஓணானை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள் நண்பர்களே. அதன் பெயர் பியர்டட் டிராகன். பெயர்தான் டிராகன், ஆனால் நம் வேலி ஓணானுக்குப் பங்காளி முறை. இரண்டும் அகமிடே என்ற ஒரே குடும்பம். கோபம் வந்தால் தாடைக்குக் கீழே முள்ளு முள்ளான தோல் உப்பிக் கறுத்து, தாடி வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே தாடி ஓணான் என்றே எழுதுகிறேன்.

இந்த ஓணானுக்கு ஒரு வைரஸ் நோய் உண்டு. வந்தால் போகாது, மருந்தும் கிடையாது. அதன் வரலாறுதான் இந்தப் பதிவு. பி.காம். படிக்கிறவனுக்கு ஓணான் வைரஸ் எதற்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது பாதிக்கு மேல் வியாபாரக் கதை :)

தாடி ஓணானின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி. 1926ல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1960களிலிருந்தே ஆஸ்திரேலியா தன் காட்டு உயிர்களை வியாபாரத்துக்காக வெளியே அனுப்புவதைத் தடுத்து வருகிறது. அப்படியானால் உலகம் முழுக்கக் கடைகளில் விற்கிற ஓணான்கள் எங்கிருந்து வந்தன? கடத்தல்தான். 1970களிலும் 80களிலும் ஐரோப்பாவுக்கு, முக்கியமாக ஜெர்மனிக்குக் கள்ளத்தனமாகப் போனவற்றின் வாரிசுகள் இவை. பிறகு 1990களில் அமெரிக்கக் கடைகளில் பிரபலமாகிவிட்டது. சாதுவான பிராணி, பகலில் விழித்திருக்கும், பூச்சியும் தின்னும், கீரையும் தின்னும். ஒரு ஈட்டுக்கு இருபது முட்டை போல இடும், அதையும் ஒரே வருடத்தில் பல ஈடுகள். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? முதலீடு சில ஓணான்கள், மற்றதெல்லாம் வட்டிக்கு வட்டி. அந்த முதலோடு வேறொன்றும் சேர்ந்து பெருகியது யாருக்கும் தெரியவில்லை.

பண்ணைகளில் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. முட்டையிலிருந்து வந்து சில வாரங்கள் நன்றாக இருக்கும். பிறகு தீனி எடுக்காது, வளராது, மெலிந்துகொண்டே போகும். சில குஞ்சுகள் தலையைப் பின்னால் வளைத்து மேலே பார்த்தபடியே நிற்கும். வளர்ப்பவர்கள் இதை நட்சத்திரம் பார்த்தல் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, நடப்பது நரம்புக் கோளாறு.

தாடி ஓணானில் அடினோ வைரஸ் என்ற முதல் பதிவுகளில் ஒன்று 1982ல் நியூசிலாந்து கால்நடை மருத்துவ இதழில் வந்தது. ஈரல் கெட்டுப்போன ஒரு பெண் ஓணான். அடினோ ஒன்றும் நமக்குப் புதிய குடும்பமில்லை. 1953ல் மனிதனின் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு திசுவில் முதலில் பிடிபட்டதால்தான் அந்தப் பெயரே வந்தது. ஓணானுக்கு வருவது அதே குடும்பத்தில் வேறு கிளை. அது மனிதருக்கு ஒட்டியதாகப் பதிவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஓணான் செத்த பிறகுதான் இந்த நோய் உறுதியாகும். ஈரலை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். ஆக, ஏட்டில் ஏறியவை பெரும்பாலும் செத்த ஓணான்களே. அதைப் படிக்கிற யாருக்கும் வைரஸ் என்றால் மரணம் என்றுதானே தோன்றும்? உயிரோடு திரிந்தவை கணக்கிலேயே வரவில்லை. ஒரு தணிக்கையாளர் திவாலான கம்பெனிகளின் ஏட்டை மட்டும் புரட்டிவிட்டு, கடன் வாங்கினாலே திவால்தான் என்று அறிக்கை எழுதியது போல.

2004ல் நிலைமை மாறியது. புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெல்லஹானும் அவர் குழுவினரும் பி.சி.ஆர். முறையில் ஆறு வகைப் பல்லி, ஓணான் அடினோ வைரஸ்களைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். தாடி ஓணானுடையதற்கு அகமிட் அடினோ வைரஸ் 1 என்று பெயர். கொரோனா புண்ணியத்தில் பி.சி.ஆர். பற்றி இப்போது யாருக்கும் விளக்க வேண்டாம். மூக்குக்குப் பதில் ஓணானின் பின்புறத்தில் குச்சியை விடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் கொசுறாக ஒரு விஷயமும் உண்டு. இந்த வைரஸ் கிளைக்கு அட்டாடினோ என்று பெயர். அது மாட்டிலும் இருக்கிறது, கோழியிலும் இருக்கிறது. 1976ல் நெதர்லாந்தில் முட்டை உற்பத்தியைக் குறைத்த நோய்க்குக் காரணமும் இந்தக் கிளைதான். ஆனால் பூர்வீகம் ஊர்வன என்பதற்கு அந்த ஆய்வு வலு சேர்த்தது. கோழிப் பண்ணைக்காரருக்கு நஷ்டம் வைத்த வைரஸின் பாட்டன் ஏதோ ஒரு பல்லியின் குடலில் இருந்திருக்கலாம்!

உயிரோடு இருக்கும்போதே சோதிக்கலாம் என்றானதும் வளர்ப்பவர்களுக்கு அதிர்ச்சி. நோஞ்சான் மட்டுமல்ல, கொழுகொழுவென்று இருப்பதும் பாசிட்டிவ். 2013ல் பிரிட்டனில் வெளியான ஆய்வின் தலைப்பே, நோய்க்குறி இல்லாத ஓணான்களில் இந்த வைரஸ் இருப்பதைப் பற்றியதுதான். என்ன செய்வது? பாசிட்டிவ் என்றால் கருணைக்கொலை என்ற ஆலோசனையும் இருந்தது. வாராக்கடனைத் தள்ளுபடி செய்கிற கணக்கு. பல்லாயிரம் குஞ்சு விற்கிற பண்ணைக்கு அது சரியாக இருக்கலாம். வீட்டில் ஒன்றே ஒன்றை ஐந்து வருடமாக வளர்க்கிற பிள்ளையிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? என்னைக் கேட்டால் அந்த ஆலோசனை தப்பு. வேறு ஓணானே இல்லாத வீட்டில் யாரைக் காப்பாற்ற அதைக் கொல்ல வேண்டும்?

நம் சரக்கு விற்பனைச் சட்டம் 1930ல் 'வாங்குவோர் விழித்திருக்க' என்ற கோட்பாடு வரும். பார்த்துச் சோதித்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. இங்கே எதைப் பார்ப்பது? வைரஸ் எச்சத்தில் விட்டு விட்டுத்தான் வெளியாகும். இன்று நெகட்டிவ் என்றால் அடுத்த மாதம் பாசிட்டிவ் வரலாம். விற்கிறவருக்கே தெரியாது. அதனால்தான் புதிதாக வருவதை மூன்று மாதமாவது தனியே வைத்து, ஒரு தடவைக்கு மேல் சோதிக்கச் சொல்கிறார்கள்.

2019ல் ஆஸ்திரேலியாவில் காட்டில் திரியும் தாடி ஓணான்களிலும் அடினோ வைரஸ் இருப்பது பதிவானது. கடத்திய பெட்டியிலேயே இதுவும் ஏறி வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

இன்று பராமரிப்பு என்றால் வைரஸை விரட்டுவது இல்லை, அதோடு காலம் தள்ளுவது. வெயில் காயும் இடம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். புற ஊதா விளக்கு, கால்சியம், தண்ணீர் குறையக் கூடாது. ஊர்வனவற்றின் எதிர்ப்புச் சக்திக்கு வெப்பம்தான் அடுப்பு. அது அணைந்தால் குடலில் காக்சிடியா ஒட்டுண்ணி பெருகும். வைரஸோடு அதுவும் சேர்ந்தால்தான் நிலைமை மோசமாகிறது. நல்லவேளை, காக்சிடியாவுக்கு மருந்து உண்டு. இப்படிப் பார்த்துக்கொண்டால் வளர்ந்த ஓணான் பாசிட்டிவாகவே பல வருடம் இருக்கும். இனப்பெருக்கம் மட்டும் கூடவே கூடாது.

ஒன்றுக்கு மேல் இருக்கிற வீட்டில் தனித் தொட்டி, தனிக் கிண்ணம், தனி இடுக்கி. மீதமான வெட்டுக்கிளியை அடுத்த தொட்டியில் போடக் கூடாது. இந்த வைரஸுக்கு மேலுறை கிடையாது, சாதாரண சோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். தீனி வைக்கும்போது முதலில் நெகட்டிவ் ஓணான்கள், பாசிட்டிவ் ஓணானுக்குக் கடைசிப் பந்தி.