நோயாளியின் படமும் நோயாளியின் பெயரும்

கலும்பாங் முதலிய வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர், தம் வாழ்வைத் தாமே எழுதி வைத்தது குறைவு. பிறர் அவர்களைப் பற்றி எழுதி வைத்ததே மிகுதி. பெரட்டுப் பட்டியலில் அவர்கள் கூலிக் கணக்காக நின்றனர். மருத்துவமனைப் பதிவேட்டில் நோய்க் கணக்காக நின்றனர். தோட்டப்புற வரலாற்றை ஆராய்வோர் இவ்விரு வகைச் சான்றுகளையும் நாடியே ஆகவேண்டும். மருத்துவச் சான்றுகளுள் ஒளிப்படமும் ஒன்று. அதனை எடுத்தளிக்கும் தொழில் எவ்வாறு வளர்ந்தது, அது நோயாளிக்கு எதனைத் தந்தது, எதனைப் பறித்தது என்பனவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஒளிப்படத்திற்கு முன்னர் அப்பணியைச் செய்தவர் ஓவியர். 1858ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவர் என்றி வேண்டைக் கார்ட்டர் என்னும் மருத்துவர். நூல் கிரேயின் பெயரால் உலகப் புகழ் பெற்றது. கார்ட்டருக்கோ விற்பனையில் உரிமப் பங்கு கிடைக்கவில்லை. பின்னர் அவர் பம்பாயில் பணியாற்றித் தொழுநோயை ஆராய்ந்து, 1874இல் அது குறித்துப் படங்களுடன் நூல் வெளியிட்டார். படம் வரைபவர் பெயர் மங்குவது இத்துறையில் பழமையான வழக்கம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

மருத்துவமனையில் ஒளிப்படத்தைத் தனித்தொழிலாக நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் லோண்ட். பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1893இல் மருத்துவ ஒளிப்படம் பற்றித் தனிநூல் எழுதினார். அமெரிக்காவில் 1931இல் இத்தொழிலாளருக்கெனச் சங்கம் ஒன்றும் தோன்றியது.

இத்தொழிலின் உயிர்நாடி ஒப்பீடு. இன்று எடுத்த படத்தையும் ஆறு திங்கள் கழித்து எடுத்த படத்தையும் அருகருகே வைத்தால், மாற்றம் நோயில் மட்டுமே தெரிதல் வேண்டும்; ஒளியிலோ, தொலைவிலோ, நிற்கும் நிலையிலோ தெரிதல் கூடாது. ஆகவே கலைஞர் ஒரே வில்லையை, ஒரே தொலைவை, ஒரே பின்னணியைக் கைக்கொள்கிறார். புண்ணின் அருகே அளவுகோல் வைக்கிறார். தோலின் மேடு பள்ளம் தோன்ற விளக்கைப் பக்கவாட்டில் நிறுத்துகிறார். அழகு சேர்ப்பது இங்கே பிழையாகும். வெப்ப நாடுகளில் வேறு இடர்களும் இருந்தன. ஈரப்பதத்தால் வில்லையில் பூஞ்சை படரும். கழுவும் நீர் சூடேறினால் படச்சுருளின் மேற்பூச்சு இளகும்.

தோலின் நிறமும் ஒரு சோதனையே. தொழுநோயின் தொடக்கக் குறிகளுள் ஒன்று வெளிறிய தேமல். கருநிறத் தோலில் அது காணும்படி படமெடுக்க, ஒளியைத் துல்லியமாக அளக்க வேண்டும். கோடாக் நிறுவனத்தின் வண்ணப்படங்களைச் சீர்செய்யப் பயன்பட்ட மாதிரி அட்டைகளிலோ நெடுங்காலம் வெள்ளையினப் பெண்களின் முகமே இருந்தது. எனவே கருநிற மக்களைப் படமெடுத்த கலைஞர், கருவி தந்த அளவை அப்படியே நம்பியிருக்க இயலாது.

இவ்வுழைப்பின் பயனைத் தொழுநோய் வரலாறு காட்டுகிறது. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் புரோமின் என்னும் மருந்து நோயாளிகளுக்குத் தரப்பட்டது. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், தீராது என்று கருதப்பட்ட நோய் தீர்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டின. நம் சிலாங்கூரிலேயே, 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய் இல்லம் இத்துறையில் உலகறிந்த இடம் பெற்றது. டாப்சோன் மருந்துக்குக் கிருமி பணியாமற்போகும் உண்மை, அங்கிருந்த நோயாளிகளைக் கொண்டே 1964இல் ஆய்வுமுறையில் மெய்ப்பிக்கப்பட்டது. குணமடைந்தவர் மீண்டும் நோயுற்றார் என்று துணிவதற்குப் பழைய பதிவு செம்மையாக இருத்தல் வேண்டும். அத்தகைய பதிவைக் காக்கும் தொழில்களுள் ஒன்றே மருத்துவ ஒளிப்படம்.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். கூட்டு மலாய் மாநிலங்களில் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழுநோயாளர் கட்டாயமாகப் பிரித்து வைக்கப்பட்டனர். சுங்கை பூலோவில் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். பலர் பிறர்க்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். வளர்ந்தபின் தாய் தந்தையரைத் தேடி அலைந்தோரும் அவர்களுள் உளர். இப்பிள்ளைகளை மனத்தில் இருத்தி மருத்துவப் படத்தை நோக்குக. மருத்துவருக்கு அது நோயின் ஒரு நிலை; மாணவருக்கு ஒரு பாடம்; பிள்ளைக்கோ அது தாயின் முகம்.

1948இல் மலாயாவில் அடையாள அட்டை வந்தபோது முகமும் பெயரும் ஓரட்டையில் சேர்ந்திருந்தன. மருத்துவ நூலிலோ முகம் உண்டு, பெயர் இல்லை. நோயாளியின் மானம் காக்கப் பெயரை நீக்கினர். கண்களின்மேல் கரும்பட்டையும் இட்டனர். கண்ணை மறைத்தல் போதிய காப்பு ஆகாது என்று அனைத்துலக மருத்துவ இதழாசிரியர் குழுவே பின்னர் அறிவுறுத்தியது. நோயாளியின் அறிந்த இசைவே உண்மையான காப்பு என்பது இன்றைய நெறி. எதற்காகப் படம், யார் பார்ப்பர், வேண்டாம் எனில் சிகிச்சைக்குக் குறை வருமா என்பனவற்றை அவர் அறியும் மொழியில் சொல்லிப் பெறுவதே இசைவு. தமிழ் மட்டுமே அறிந்த தோட்டத் தாய்க்கு ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைந்நாட்டு வாங்குவது இசைவாகாது. மருத்துவத்திற்குத் தமிழ் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

ஆயினும், வெளியிடும்போது பெயரை மறைப்பது வேறு; ஆவணத்திலிருந்தே பெயரை அறுத்தெறிவது வேறு. முன்னது நோயாளிக்குச் செய்யும் காப்பு. பின்னது அவர் வழிவந்தோர்க்குச் செய்யும் இழப்பு. பூட்டிய பேழையில் படமும் பெயரும் சேர்ந்தே இருக்குமாயின், உரிமையுடையோர் கேட்கும் நாளில் எடுத்தளிக்க இயலும்.

ஆசிரியப் பெருமக்கள் வகுப்பறையில் பழைய மருத்துவப் படமொன்றைக் காட்ட நேரின், நோயின் பெயரோடு நிறுத்த வேண்டா. எடுத்தவர் யார், எவர் பொருட்டு எடுத்தார், எடுக்கப்பட்டவர் இசைந்தாரா என்று மாணவரை வினவச் செய்க. விடை கிடைக்காத இடங்களில், அப்படத்தில் நிற்பவர் ஒருவருக்குத் தாயாகவோ தந்தையாகவோ இருந்தவர் என்பதையேனும் மாணவர் உணர்வாராக.