யாருக்காக அடித்த சுண்ணாம்பு

லெம்பா பெர்த்தாமில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் பெரியம்மா பார்க்கக் கிளம்பினார். காரோட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. புதுச் சாயம் அடித்திருந்தார்கள். வாசலில் நான்கு ரோஜாத் தொட்டிகள், கூடத்தில் வெள்ளைத் திரைச்சீலை, மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் ஸ்ட்ராபெரி. பட்டப்பகலில் எல்லா விளக்குகளும் எரிந்தன. எலுமிச்சை மணம் வேறு.

"அழகா வச்சிருக்காங்க, இல்ல?" என்றேன்.

பெரியம்மா பதில் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தவர். கூடத்தில் நிற்காமல் நேராகச் சமையலறைக்குள் போனார். அவர் அங்கே எதைத் தேடினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று திரும்பி வரும்போது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. விற்பதற்காக வீட்டை அலங்கரிக்கும் வேலை இந்த மலைக்கு எப்போது வந்தது?

அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். சியாட்டில் பக்கத்து வீட்டு முகவர் பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972-இல் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். பெயர் ஹோம் ஸ்டேஜிங். மேடை, நாடகம் சம்பந்தப்பட்ட சொல். நம் வழக்கில் சொன்னால் வீட்டுக்கு வேஷம் கட்டுவது. குடும்பப் படங்களைக் கழற்று, சாமி படத்தை எடுத்துவை, பாதி நாற்காலிகளை வெளியேற்று. பார்க்க வருகிறவர் தன்னை அந்த வீட்டுக்குள் கற்பனை செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம்.

கேமரன் மலையில் இது அதற்கும் நாற்பது வருடம் முந்தியது. அங்கே ஒரு வீட்டுக்கு மட்டுமல்ல, மலைக்கே வேஷம் கட்டினார்கள்.

வில்லியம் கேமரன் இந்தப் பகுதியை அளந்தது 1885-இல். அதன்பின் நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே வந்து பார்த்து, இது மலைவாசத் தலத்துக்கு ஏற்ற இடம் என்று முடிவு செய்தார். தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது 1931-இல். இப்போது சாலை இருக்கிறது, குளிர் இருக்கிறது, நிலம் இருக்கிறது. வாங்குவது யார்? கீழே ஈயத்திலும் ரப்பரிலும் சம்பாதித்து, வியர்வையிலும் மலேரியாவிலும் அலுத்துப்போன வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு நிலத்தை விற்க வேண்டுமென்றால் அதை 'ஊர்' மாதிரி காட்ட வேண்டும். ஊட்டியில் 1820-களிலேயே ஜான் சல்லிவன் கல்வீடு கட்டி இதைத் தொடங்கிவைத்தார். நுவரெலியாவிலும் அதே கதை. கேமரன் மலை அந்த வரிசையில் பிந்திப் பிறந்த பிள்ளை.

ஊர் மாதிரி காட்ட அவர்கள் எடுத்த உடை டியூடர் பாணி. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகுமே, அது. உண்மையான டியூடர் வீட்டில், அதாவது பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அந்த ஓக் மரச் சட்டம்தான் வீட்டைத் தாங்கியது. சட்டங்களுக்கு நடுவே மண்ணும் சுள்ளியும் வைத்து அடைத்து வெள்ளை பூசினார்கள். கேமரன் மலையில் தாங்குவது செங்கல்லும் சிமெண்டும். மரம் சும்மா மேலே அறைந்த பலகை. பல கட்டடங்களில் பலகைகூட இல்லை, கறுப்புச் சாயத்தில் இழுத்த கோடு. மழையில் வெளுத்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அதே 1930-களில் லண்டன் புறநகர்களிலும் வீடு கட்டி விற்பவர்கள் இதே கறுப்புப் பலகையை அறைந்துகொண்டிருந்தார்கள். டெய்லி மெயில் பத்திரிகை 1908-இல் லண்டனில் தொடங்கிய இலட்சிய இல்லக் கண்காட்சியில் மாதிரி வீடுகளைக் கட்டி நிறுத்தி மக்களை உள்ளே விட்டுக் காட்டும் வழக்கம் வளர்ந்தது. குமாஸ்தா சம்பளக்காரருக்குப் பழைய பிரபு வீட்டின் சாயலைத் தவணையில் விற்றார்கள். ஆஸ்பர்ட் லான்காஸ்டர் 1938-இல் இந்த வீடுகளைக் கிண்டல் செய்து, பங்குத்தரகர் டியூடர் என்று பெயரே வைத்தார். ஆக, கப்பலேறி நம் மலைக்கு வந்தது இங்கிலாந்தின் வீடு அல்ல. இங்கிலாந்தில் வீடு விற்பதற்காகச் செய்த மாதிரி. வேஷத்தைப் பார்த்துப் போட்ட வேஷம்.

ஆனால் வேலை செய்தது. 1934-இல் ஆன் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையார் தானா ராத்தாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி திறந்தார். 1937-இல் ஸ்மோக்ஹவுஸ் விடுதி திறந்தது. கணப்பு, பித்தளைச் சாமான், ரோஜாத் தோட்டம் என எல்லாம் இன்றும் இருக்கிறது, தேநீரும் ஸ்கோனும் அங்கே கிடைக்கும். பங்களாக்களுக்குப் பின்னாளில் வேறொரு கவர்ச்சியும் சேர்ந்தது. பாங்காக்கின் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று 'மூன்லைட்' பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவில்லை. ஆறு பழைய தாய்லாந்து மரவீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து ஒரே வீடாகச் சேர்த்துப் பாங்காக்கில் கட்டிக்கொண்ட மனிதர். வீட்டலங்காரத்தின் அரசன் காணாமல் போனது கடன் வாங்கிய வீட்டலங்காரத்தின் நடுவே. இன்றும் அந்தப் பங்களா எங்கே என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள்.

சரி, அந்த ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? கணப்புக்கு விறகு பிளந்தது யார்? 'பங்களா வேலை' என்ற ஒரே சொல்லில் நம் வீடுகளில் அடக்கிவிடுவார்கள். சாயங்கால விருந்துக்குப் பித்தளையைத் தேய்த்து மினுக்கிவிட்டு இருட்டில் இறங்கி லயத்துக்கு நடந்தவர்களின் வீடு எப்படி இருந்தது?

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டிக் கன்று நட்டுக் கொழுந்தெடுக்கத் தமிழர்கள் வந்தார்கள். அவர்களை மலாயாவுக்கு வரவழைப்பதற்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. இந்தியா 1922-இல் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. அதன்படி இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் மலாயாவிலேயே உட்கார்ந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து ஆண்டறிக்கை எழுதினார். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பு, மருத்துவமனை எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்றது. லயம் சரியில்லை என்று அறிக்கை போனால் ஆள் வரத்து பாதிக்கும்.

அப்படியென்றால் லயத்தின் சுவருக்கும் ஒரு வாங்குபவர் இருந்தார் என்றுதானே அர்த்தம்? அவர் குடியிருக்க வருகிறவர் அல்ல, பார்த்துவிட்டு எழுதப் போகிறவர். அங்கே விலைபோனது இன்னும் கொஞ்சம் ஆட்களை இறக்குவதற்கான அனுமதி.

பெரியம்மா தன் மாமியார் சொன்னதாகச் சொல்வார்: "பெரிய ஆளு யாராச்சும் வர்றாங்கன்னா மொத நாளே தெரிஞ்சிரும்மா. கிராணி சுண்ணாம்பு மூட்டைய எறக்கச் சொல்லுவாரு. முன்பக்கம் மட்டுந்தான். பின்பக்கம் காவா நாத்தம் அப்படியே கெடக்கும்." இதை வரலாற்று ஆவணமாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த எவரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், தலையாட்டுவார்கள்.

1936 டிசம்பரில் ஶ்ரீநிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்தார். தோட்டங்களைப் பார்த்தார். 1937-இல் அவர் அறிக்கை வெளியானது. பெரும்பாலும் திருப்தியான அறிக்கை, ஆள் அனுப்புவதைத் தடுக்க வேண்டியதில்லை என்பது அதன் போக்கு. அதற்கு முந்தைய ஆண்டுதான் உருவாகியிருந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம் கொதித்துப்போனது. அடுத்த ஆண்டு, 1938 ஜூனில், கூலிப் பிரச்சினையில் இந்திய அரசே உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. சாஸ்திரி பெரிய படிப்பாளி, நேர்மையானவர். அவர் ஏமாந்தார் என்று ஒரே போடாகப் போட எனக்கு மனமில்லை. ஆனால் விருந்தாளியாக வருகிறவர் எப்போதும் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு அலங்காரம் அதே லயத்தில் நடந்தது. தீபாவளிக்கு முன் சொந்தக் காசில் நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு. சுவர் முழுக்க நாள்காட்டிப் படங்கள், முருகனும் எம்.ஜி.ஆரும் பக்கத்துப் பக்கத்தில். பத்தடி வாசலில் கோலம், பால் டின்னில் கனகாம்பரம். பின்னால் தகரம் இறக்கிக் கட்டிய குசினி. யாருக்கும் விற்க முடியாத வீட்டுக்குச் செய்த அலங்காரம் இது. வேலை ஓய்ந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். குசினிக்குப் போட்ட தகரத்துக்குக்கூடக் காசு கிடையாது.

சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது லயங்களும் அதோடு கைமாறின, உள்ளே இருந்தவர்களைக் கேட்காமலே. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தக் காட்சியைப் பார்த்துத்தான். தொழிலாளர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டிச் சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். 1990-இல் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. தரம் கேட்கலாம். ஆனால் குடியிருப்பு முதலாளியுடையதுதான். லயத்தைவிட்டு இறங்கிக் காய்கறி போட்டவர்களுக்கும் மலையில் பெரும்பாலும் கிடைத்தது டி.ஓ.எல். என்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமம். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும், பெயர் மாற்றி விற்க முடியாது. அந்த நிலத்தில் கல்வீடே கட்டியிருந்தாலும் காகிதத்தில் அது வீடில்லை.

பிரிஞ்சாங்கிலும் தானா ராத்தாவிலும் அடுக்குமாடிகள் எழுந்தபோது மறுபடி டியூடர் வந்தது. பத்து மாடிக்குக் கறுப்புக் கோடு! மலேசியாவில் வீட்டைக் கட்டுவதற்கு முன்பே விற்கலாம் என்பதால் வாங்குகிறவர் பார்ப்பது மாதிரி வீட்டை மட்டுமே. அங்கே கட்டில் வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும், அறைக்கதவுகளைக் கழற்றியிருப்பார்கள், எதிர்ச்சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டாளர் சட்டத்தின்கீழ் 1989-இல் வந்த விதிமுறைகள் விளம்பரத்தில் எதையெல்லாம் சொல்லக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கின்றன. எதிர்கால லாபக் கணக்குச் சொல்லக்கூடாது, நகருக்கு இத்தனை நிமிடம் என்று சொல்லக்கூடாது, பரந்த இயற்கைக் காட்சி உண்டு என்றும் சொல்லக்கூடாது. காட்சியைத் தவிர விற்க வேறொன்றும் இல்லாத மலையில்! சட்டம் எழுதியவர் பின்பக்கத்தையும் போய்ப் பார்த்த ஆள்தான் போல.

இனி லெம்பா பெர்த்தாம். இது ரிங்லெட்டுக்கு அப்பால், ஆற்றோரப் பள்ளத்தாக்கு. மேலே 1963-இல் முடிந்த சுல்தான் அபு பக்கார் அணை. மேட்டில் காடழித்துத் தோட்டம் போடப் போட மண் கரைந்து இறங்கி, நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்துகொண்டே போனது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றோர வீடுகளுக்குள் புகுந்தது. தூக்கத்தில் உயிர்கள் போயின. சாமான்கள், கார்கள், சில இடங்களில் வீடே போனது. அதற்குப் பிறகு அங்கே வீடு விற்பதென்றால் முதல் செலவு சாயத்துக்குத்தான்.

"தம்பி, அந்த ஃபிரிட்ஜக் கொஞ்சம் நவுத்துங்க" என்றார் பெரியம்மா.

ஏஜண்டு நம் பையன்தான், இருபத்தைந்து வயதிருக்கும். தயங்கினான். பிறகு நகர்த்தினான். பின்னால் சாயம் அடிக்கவில்லை. காப்பிக் கறைபோல ஒரு கோடு சுவரின் குறுக்கே போயிருந்தது. பெரியம்மா பக்கத்தில் போய் நின்றார். அவர் இடுப்புக்குச் சற்று மேலே.

"அது பழைய ஈரம் ஆண்டி. இப்பல்லாம் சைரன் வச்சிருக்காங்க."

"தெரியும்ப்பா."

நான் கிளம்பலாம் என்று சாவியை எடுத்துவிட்டேன். பெரியம்மா நகரவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார். பின்கதவைத் திறந்து கால்வாயை எட்டிப் பார்த்தார். வெள்ளம் வந்த வீடு என்று வரும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது, எவ்வளவு உயரம் என்பதைத்தான் பார்க்க வந்திருக்கிறார். மேட்டில் இருக்கிற வீடுகளின் விலை அவருக்கு எட்டாது.

"என்ன பெரியம்மா, இதையா வாங்கப் போறீங்க?" என்று காதோரம் கேட்டேன்.

"சொந்தமா ஒண்ணு இருந்தா, புடிக்கலன்னா நாளைக்கு நாமளும் சாயம் அடிச்சு வித்துரலாம்ல."

பிறகு ஏஜண்டு பக்கம் திரும்பினார்.

"கெரான் இருக்கா தம்பி? யாரு பேர்ல இருக்கு?"

"கேட்டுச் சொல்றேன் ஆண்டி" என்று அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரோஜாத் தொட்டிகளைத் தாண்டி வெளியே போனான்.