பதினாறு ஆட்டம், மூன்று சீசன்

1998 மே 25. இந்தியானாபொலிஸ் நகரின் மார்க்கெட் ஸ்குவேர் அரங்கம். ஷிகாகோ புல்ஸுக்கு எதிரான ஆட்டம் முடிய மூன்று நொடிகூட இல்லை. புல்ஸின் மைக்கேல் ஜோர்டானை லேசாகத் தள்ளிவிட்டு விலகிய பேசர்ஸ் வீரர் ரெஜி மில்லர், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார். பந்து கூடையில் இறங்குகிறது. கடிகாரத்தில் மிச்சம் 0.7 நொடி. அரங்கமே எழுந்து கத்துகிறது. பேசர்ஸ் அணியின் பெஞ்ச் துள்ளிக் குதிக்கிறது. கோட்டோரம் நிற்கும் பயிற்சியாளர் லாரி பேர்டு மட்டும், ரயிலுக்குக் காத்திருப்பவர்போல, முகத்தில் ஒரு தசையும் அசையாமல் நிற்கிறார். 0.7 நொடி இருக்கிறதே, அதற்குள் என்ன துள்ளல்? ஜோர்டான் எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் உருண்டு வெளியே விழுந்தது. 96-94.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1994 மார்ச் 27 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் இன்னொரு பயிற்சியாளர் தன் முதல் ஆட்டத்துக்கு வந்து நின்றார். எர்வின் மேஜிக் ஜான்சன். மில்வாக்கி அணியை 110-101 என்று அவர் அணியான லேக்கர்ஸ் வென்றது. அடுத்த மாதமே அவர் பயிற்சியாளராக இல்லை.

இருவரையும் சேர்த்துப் பேசாமல் அமெரிக்கக் கூடைப்பந்தின் எண்பதுகளைப் பேச முடியாது. 1979 கல்லூரி இறுதிப்போட்டியில் மேஜிக்கின் மிச்சிகன் ஸ்டேட், பேர்டின் இந்தியானா ஸ்டேட்டை 75-64 என வென்றதில் தொடங்கிய கதை. பிறகு பேர்டு பாஸ்டனுக்கு மூன்று பட்டம், மேஜிக் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஐந்து பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆண்டின் சிறந்த வீரர் விருது ஆளுக்கு மூன்று முறை. இதெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அவர்கள் பயிற்சியாளர்களாக இருந்த கதையை அவ்வளவாக யாரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாக நிற்கிறது.

1990 வாக்கில் ஒரு கூடைப்பந்து ரசிகரைக் கூப்பிட்டு, இவர்களில் யார் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்று கேட்டிருந்தால், யோசிக்காமல் மேஜிக் என்றிருப்பார். அவர் பாயின்ட் கார்டு. களத்தில் ஐந்து பேரும் எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பேசுவார், சிரிப்பார், தட்டிக்கொடுப்பார். 1980 இறுதிச்சுற்றில் கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் வரமுடியாதபோது, இருபது வயதுப் பையன் அவர் இடமான சென்டரில் இறங்கி 42 புள்ளி எடுத்துப் பட்டத்தை முடித்துவைத்தான். பேர்டோ ஃபிரெஞ்ச் லிக் என்ற சிற்றூர்க்காரர். கேள்விக்கு ஒரு வரி பதில் வாங்குவதற்கே பத்திரிகைக்காரர்கள் திணறுவார்கள்.

நடந்தது: மேஜிக் 16 ஆட்டங்களில் 5 வெற்றி, 11 தோல்வி. பேர்டு மூன்று சீசன்களில் 147 வெற்றி, 67 தோல்வி.

இதற்குக் கைவசம் ஒரு விளக்கம் எல்லாரிடமும் உண்டு. பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டார். தனக்கு இயல்பாக வந்தது பிறருக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியாது. நம் ஊரில் கச்சேரி மேடையை ஆண்ட வித்துவான்களைப் பற்றியும் இதையே சொல்வோம்; பாட்டு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பொறுமை இருக்காது என்று. மேஜிக்குக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சிக்கல் என்னவென்றால், பேர்டும் அதே அளவு பெரிய ஆட்டக்காரர். அவருக்குப் பொருந்தாத விளக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேஜிக் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார் என்று பார்ப்போம். 1991 ஜூனில் லேக்கர்ஸை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனவர், அதே நவம்பரில் எச்.ஐ.வி. தொற்றை அறிவித்து ஓய்வு பெற்றார். அப்போது வயது 32. ஆட்டம் அவரைவிட்டுப் போகவில்லை. தொற்றுதான் அவரை ஆட்டத்திலிருந்து பிடுங்கி எடுத்தது. ஓய்வுக்குப் பிறகும் 1992 ஆல்ஸ்டார் ஆட்டத்தில் இறங்கிச் சிறந்த வீரர் விருதோடு போனார். பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். 1994இல் லேக்கர்ஸ் 28 வெற்றி, 38 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருக்க, பயிற்சியாளர் ராண்டி ஃபண்டை நீக்கிவிட்டு, உரிமையாளர் ஜெரி பஸ் மேஜிக்கைக் கெஞ்சி அழைத்தார். சம்பளம்கூட இல்லாத ஒப்பந்தம். ஜேம்ஸ் வொர்தி, கர்ட் ராம்பிஸ், விளாடே டிவாச் என்று கூட ஆடிய பழைய தோழர்கள் சிலர் இன்னும் அணியில். மற்றவர்கள் புதுத் தலைமுறை.

முதல் ஆறில் ஐந்து வெற்றி. பிறகு தொடர்ந்து பத்துத் தோல்வி. அதில் ஐந்தாவது தோல்வி முடிந்ததுமே, சீசனுக்குப் பின் இருக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். கூட்டத்தின் நடுவே ஒரு வீரரின் போன் ஒலிக்க, அதை வாங்கிச் சுவரில் அடித்து உடைத்தார் என்பது அந்நாளில் பரவலாகப் பேசப்பட்ட செய்தி. 1976க்குப் பிறகு முதன்முறையாக லேக்கர்ஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1981இல் பயிற்சியாளர் பால் வெஸ்ட்ஹெட்டின் ஆட்டமுறை பிடிக்கவில்லை, என்னை வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்று மேஜிக் வெளிப்படையாகச் சொன்னார். மறுநாளே வெஸ்ட்ஹெட் வேலை போனது. பயிற்சியாளர் பேச்சைக் கேட்காத வீரர் எப்படியிருப்பார் என்பது மேஜிக்குக்கு வெறும் கேள்விப்பட்ட சங்கதி அல்ல.

பேர்டின் முடிவு வேறு விதம். 1985 கோடையில் அம்மா வீட்டு வாசலுக்கு வண்டிப்பாதை போடத் தானே சரளைக்கல் வாரிக் கொட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டவர் அவர். (ஆள் வைத்துச் செய்ய அவரிடம் காசில்லாமலா?) 1988-89இல் இரண்டு குதிகாலிலும் அறுவை சிகிச்சை; அந்த சீசன் முழுக்க ஆறே ஆட்டம். கடைசி ஆண்டுகளில் வலி தாங்காமல், பெஞ்சில் உட்காராமல் கோட்டோரம் தரையில் குப்புறப் படுத்தபடி ஆட்டம் பார்த்தார். அந்தப் படங்களை இன்றும் பார்க்கலாம். 1992 ஆகஸ்டில் விலகினார். அதன்பின் ஐந்து ஆண்டுகள் தன் பழைய அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் அலுவலகத்தில் கழிந்தன. 1997இல் சொந்த மாநிலத்து இந்தியானா பேசர்ஸ் கூப்பிட்டபோது, பயிற்சியாளராக ஒரு நாள் அனுபவமும் இல்லை. ஆனால் அவருக்குள் இருந்த ஆட்டக்காரன் எப்போதோ செத்துப்போயிருந்தான்.

என் கணிப்பில் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 34 வயது மேஜிக், தன்னால் இன்னும் வெல்ல முடிந்த பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இது வெறும் ஊகம் அல்ல. 1996 ஜனவரியில் அவர் திரும்பவும் சீருடை மாட்டி, 36 வயதில் 32 ஆட்டம் ஆடி, சராசரி 14.6 புள்ளி எடுத்தார். உடம்பில் அவ்வளவு ஆட்டம் மிச்சம் வைத்துக்கொண்டு கோட்டோரம் கை கட்டி நிற்க யாராலும் முடியாது. ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து 1968, 1969இல் பட்டம் வென்ற பில் ரஸ்ஸல் இல்லையா என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் ரஸ்ஸலுக்குள் இருந்த ஆட்டக்காரனுக்கு அங்கே வேலை இருந்தது. மேஜிக்குக்குள் இருந்தவனுக்குக் கோட்டும் டையும்தான் கிடைத்தன.

பேர்டு தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டார். டிஃபென்ஸ் டிக் ஹார்ட்டர் பொறுப்பு. அஃபென்ஸ் ரிக் கார்லைல் பொறுப்பு. கார்லைல், பாஸ்டனில் பேர்டு ஆடுவதைப் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து பார்த்த பழைய சகவீரர். தனக்கென்று பேர்டு வைத்துக்கொண்டது இரண்டே: வீரர்களின் உடல்தகுதி, நேரம் தவறாமை. விமானத்துக்குத் தாமதமாக வந்த இரண்டு வீரர்களை விட்டுவிட்டே புறப்படச் சொன்னார். திட்டவில்லை, கத்தவில்லை. விமானம் போய்விட்டது, அவ்வளவுதான். முந்தைய ஆண்டு 39-43 என்றிருந்த அணி 58-24க்கு வந்தது. 1998இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கு. முந்தைய பயிற்சியாளர் லாரி பிரவுன் காலத்தில் அதிகம் ஆடாத ஜேலன் ரோஸை நம்பி வளர்த்தார். ரோஸ் 2000இல் மிக முன்னேறிய வீரர் விருது வாங்கினார்.

பேர்டைத் தூக்கிவைக்கும்போது கொஞ்சம் அடக்கியும் வாசிக்க வேண்டும். பேசர்ஸ் மோசமான அணி அல்ல. பிரவுனின் கீழ் 1994, 1995 இரண்டு ஆண்டும் கிழக்குப் பிரிவு இறுதிவரை போனது. அணியின் சென்டர் ரிக் ஸ்மிட்ஸ் காயத்தால் பல ஆட்டங்கள் ஆடாத ஆண்டில் சறுக்கியது. பேர்டு வந்த அதே கோடையில் அனுபவ வீரர் கிறிஸ் மல்லினும் வந்துசேர்ந்தார். மேஜிக்குக்குக் கிடைத்ததோ சீசன் முடியப்போகும் நேரத்தில் உடைந்த அணி. பதினாறு ஆட்டத்தை 214 ஆட்டத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், நான் பாதி ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி: முழு சீசன் கேட்டிருந்தால் ஜெரி பஸ் மறுத்திருக்கமாட்டார். மேஜிக் கேட்கவில்லை.

விலகியதிலும் இருவரும் இருவராகவே இருந்தார்கள். மூன்று ஆண்டுக்குமேல் ஒரு பயிற்சியாளரின் குரல் வீரர்கள் காதில் ஏறாது என்பது பேர்டின் கொள்கை. மூன்றே ஆண்டுதான் என்று வரும்போதே சொல்லியிருந்தார். இதயத் துடிப்புக் கோளாறும் இருந்தது. 2000 ஜூன் 19 அன்று இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், மேஜிக் பங்கு வைத்திருந்த லேக்கர்ஸிடம், லாஸ் ஏஞ்சலிஸ் மண்ணிலேயே 116-111 எனத் தோற்று, சொன்னபடியே போனார். மேஜிக் 2017இல் லேக்கர்ஸின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவரானார். 2019 ஏப்ரலில் உரிமையாளர் ஜீனி பஸ்ஸிடம்கூடச் சொல்லாமல், நிருபர்கள் முன்னால் வந்து விலகுகிறேன் என்றார். அதுவும் சிரித்த முகத்தோடுதான்.

பேர்டு 2003இல் பேசர்ஸின் கூடைப்பந்துப் பிரிவுத் தலைவராகத் திரும்பி, கார்லைலைப் பயிற்சியாளராக்கினார். முதல் சீசனிலேயே 61 வெற்றி. பேர்டின் 58ஐத் தாண்டிய கணக்கு. 2012இல் சிறந்த நிர்வாகி விருதும் பேர்டுக்கு வந்தது. சிறந்த வீரர், சிறந்த பயிற்சியாளர், சிறந்த நிர்வாகி மூன்றையும் என்பிஏவில் வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

2022 முதல், மேற்குப் பிரிவு இறுதியின் சிறந்த வீரருக்கு மேஜிக் பெயரிலும் கிழக்குக்கு பேர்டு பெயரிலும் கோப்பை தருகிறார்கள். 2025இல் பேர்டு கோப்பையை வாங்கியவர் இந்தியானா பேசர்ஸின் பாஸ்கல் சியாக்கம். அப்போது அந்த அணியின் பயிற்சியாளர், ரிக் கார்லைல்.