பாடசாலையிற் பல்கலைக்கழகப் பாடம்

பாடசாலை மாணவன் ஒருவன் தன் வகுப்பறையில் இருந்தவாறே பல்கலைக்கழகப் பாடமொன்றைக் கற்றுத் தேறி, அத்தேர்ச்சியைப் பின்னர்த் தன் பட்டத்துக்குரிய கணக்கிற் சேர்த்துக்கொள்ளும் முறை அமெரிக்க நாட்டில் வேரூன்றியுள்ளது. இதனைப் புதுமையான ஏற்பாடென நம்மவருட் பலர் கருதுவர். ஈழத்துக் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு இது பழம்பொருளே. 1921ஆம் ஆண்டிற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றும்வரை இந்நாட்டிற் பல்கலைக்கழகக் கல்வியின் முதற்படி பாடசாலைக் கூரைகளின் கீழேயே அமைந்திருந்தது.

1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி பட்டம் வழங்கும் உரிமை பெற்றதன்று. ஆயினும் கணிதம், வானநூல், தருக்கம், தமிழ், வடமொழி ஆகியவற்றை அங்குக் கற்பித்த அளவு பாடசாலை எல்லையைக் கடந்து நின்றது. செமினரி 1855இல் மூடப்பட்டது. 1857இற் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதற் பட்டதாரிகளாக விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இச்செமினரியின் மாணவரே. பல்கலைக்கழகம் பிறக்குமுன்பே அதற்குரிய பாடத்தை அவர்கள் கற்று முடித்திருந்தனர் என்பது மிகைக்கூற்றாகாது.

பின்னர் இரு வழிகள் பிறந்தன. ஒன்று இணைப்பு வழி. கொழும்பு அக்கடமி 1859இற் குயின்ஸ் கல்லூரி என்னும் பெயருடன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணக் கல்லூரியும் அவ்வாறே இணைந்து எவ். ஏ. வகுப்பை நடத்திற்று. அரிச்சுவடி கடந்த சிறுவரும் பட்டத்தை நாடிய இளைஞரும் ஒரே வளவினுட் பயின்றனர். மற்றது பரீட்சை வழி. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் தன் பரீட்சைகளை எங்குப் பயின்றார்க்கும் திறந்துவிட்டது. அதன்பின் மெற்றிக்குலேசனும் இன்டர்மீடியற்றும் நம் பெரும் பாடசாலைகளின் மேல்வகுப்புப் பாடங்களாயின.

இவ்விரு வழிகளாலும் திருகோணமலை பெற்ற பயன் சிறிது. போர்க்கப்பல்களின் பொருட்டு ஆங்கிலேயர் போற்றிக் காத்த இத்துறைமுகத்திற் கோட்டையும் படைவீடும் எழுந்தன. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி எழவில்லை. கொழும்புக்குச் செல்லும் புகையிரதமும் 1927இலேயே வந்தது. எனவே மேற்கல்வி விரும்பிய இளைஞன் கடல் கடந்தான். இவ்வூரிற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை சென்னையிற் பயின்று பி. ஏ. பட்டம் பெற்றார். அவர்தம் இளவல் சரவணமுத்துப்பிள்ளை சென்னை மாநிலக் கல்லூரியின் நூலகராயிருந்த காலத்தில் ‘மோகனாங்கி’ என்னும் வரலாற்று நாவலை 1895இல் வெளியிட்டார். இவர்களாற் சென்னை பெற்ற பயனை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். கப்பற் செலவுக்கு வகையின்றி இங்கேயே தங்கிவிட்ட அவர்தம் வகுப்புத் தோழரைப் பற்றிப் பேசுவாரிலர்.

1897இல் தொடங்கிய இந்துக் கல்லூரி 1925இல் இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் வளர்ச்சியிற் பெரிதும் ஈடுபட்ட சுவாமி விபுலாநந்தரின் கல்வி வரலாறே ஈண்டு நல்ல சான்றாகும். துறவு கொள்வதற்கு முன்னர் மயில்வாகனனார் என்னும் பெயருடன் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே 1920இல் இலண்டன் பி. எஸ்ஸி. பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றவர் அவர். இலண்டனிற் கால் வையாத அப்பட்டதாரி 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். வெளிவாரிப் பட்டத்தை இரண்டாந் தரமெனக் கூறுவார் இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று.

அமெரிக்காவிலும் இவ்வாறு இரு முறைகள் உள. 1956 முதல் நடைபெறும் உயர்நிலைச் சேர்க்கைத் தேர்வு இலண்டன் வழியை ஒத்தது: பாடசாலை ஆசிரியர் கற்பிக்க, வெளியிலிருந்து வரும் வினாத்தாள் தீர்ப்பளிக்கும். 1972இற் சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் வகுத்த திட்டமோ வேறுவகைத்து. ஆங்குப் பல்கலைக்கழகம் பாடசாலை ஆசிரியரைத் தேர்ந்து பயிற்றித் தன் பாடத்தை அவர் கையில் ஒப்படைக்கின்றது. அவர் இடும் புள்ளியே பல்கலைக்கழகப் புள்ளி. முன்னதில் நம்பப்படுவது வினாத்தாள். பின்னதில் நம்பப்படுவது ஆசிரியர். நம் நாட்டில் ஆசிரியரை நம்பிய முறை கல்கத்தாக் காலத்திலும் முழுமையாக அமைந்ததில்லை. அங்கும் இறுதித் தீர்ப்புக் கடல் கடந்தே வந்தது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மதில் உயர்ந்தது. யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் பிரிவு மாத்திரம் இலண்டன் பாடங்களைச் சில காலம் தொடர்ந்து கற்பித்தது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறந்தபோது விஞ்ஞான வகுப்புகள் அப்பிரிவின் கட்டடங்களிலேயே நடந்தன. ஏனைய இடங்களில் இன்டர்மீடியற் வகுப்புக்குரிய பாடப்பரப்பிற் பெரும்பகுதி காலப்போக்கில் உயர்தர வகுப்புக்கு இறங்கிற்று. பாடம் இறங்கியதே அன்றிப் பட்டத்தில் அதற்கிருந்த பங்கு இறங்கிவரவில்லை. உயர்தரப் பெறுபேறு இன்று வாயிற்கதவின் திறவுகோல். உள்ளே சென்றபின் அதற்கு மதிப்பில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001இல் அமைந்தது; இன்று நிலாவெளி வீதியிற் கோணேசபுரியில் இயங்குகின்றது. கனகசுந்தரம்பிள்ளை கடல் கடந்து தேடிய பல்கலைக்கழகம் இன்று பேருந்துத் தொலைவில் உள்ளது. நகரத்துப் பாடசாலைகளிற் பட்டதாரி ஆசிரியர் பலர் உளர். அவருட் சிலர் பகலிற் கற்பித்து இரவிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெற்றவர். உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவர், பல்கலைக்கழக அனுமதி வரும்வரை ஓராண்டும் அதற்கு மேலும் வீட்டிற் காத்திருக்கின்றனர். முதலாண்டுப் பாடங்களுள் வரலாறோ, தமிழோ, கணக்கியலோ ஒன்றை இவ்வாசிரியர் கையில் ஒப்படைத்து, அக்காத்திருப்புக் காலத்தில் இம்மாணவர்க்குக் கற்பிக்கச் செய்வதற்குப் புதிய கட்டடம் வேண்டுவதில்லை. வளாகத்தின் ஒப்புதல் ஒன்றே வேண்டும்.